பீப்பாய் ஆளும் மாநிலம்

குடிமையியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அரசுக்கு வருவாய் எங்கிருந்து வருகிறது என்பது அன்றைய பாடம். நிலவரி, விற்பனை வரி, வருமான வரி என்று கரும்பலகையில் நாம் எழுதி முடிப்பதற்குள், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா! மக்களிடம் வரியே வாங்காமல், மக்களுக்கே பணம் கொடுக்கிற அரசு உலகத்தில் எங்காவது உண்டா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்து, "உண்டு" என்றோம். சிரித்த முகங்களெல்லாம் வியந்த முகங்களாயின. "அந்த ஊருக்கே போய்விடலாம் ஐயா!" என்றான் மற்றொருவன்.

மணி அடித்தது, பாடம் நின்றது. ஆனால் அந்தக் கேள்வி நிற்கவில்லை. வீடு வரை நம்மோடு வந்தது. ஏனெனில் அது அந்தச் சிறுவன் கேட்ட கேள்வி மட்டுமன்று. வரி என்றதும் முகம் சுளிப்பதும், 'வரியே போடமாட்டோம்' என்பவரைக் கண்டதும் கைதட்டுவதும், வருவாய்க்கு வழி என்ன என்று கேட்பவனை வம்புக்காரன் என்று ஒதுக்குவதும் வளர்ந்தவர்களின் வழக்கமும்தான். வரியில்லா ஆட்சி வானுலக வாழ்வு என்று எண்ணுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. அந்த வானுலகை மண்ணுலகில் கட்டிப் பார்த்த ஒரு மாநிலத்தின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். கதைதான், ஆனால் கற்பனை அன்று. கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்ட கதை!

* * *

வட அமெரிக்கக் கண்டத்தின் வடமேற்கு முனையில், பனியைப் போர்த்துப் படுத்திருக்கும் பெருநிலம் அலாஸ்கா. 1867இல் உருசியப் பேரரசு அதனை 72 இலட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. விற்றவனும் அந்த மண்ணின் மகனல்லன், வாங்கியவனும் அல்லன். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த தொல்குடியினரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1959 சனவரியில் அலாஸ்கா அமெரிக்க ஒன்றியத்தின் 49ஆவது மாநிலமாயிற்று. பரப்பில் அந்நாட்டின் மற்றெல்லா மாநிலங்களையும் விஞ்சியது, வருவாயிலோ நோஞ்சான். 'இது தன் காலில் நிற்குமா?' என்று ஐயுற்றோர் பலர். நிற்கட்டும் என்றுதான் 10 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைத் தெரிந்தெடுத்துக்கொள்ளும் உரிமையை ஒன்றிய அரசு அதற்கு அளித்தது. அந்த நிலத்தின் கனிவளம் மாநிலத்துக்கே உரியது.

1968இல் வடகோடிக் கடற்கரையில், புரூடோ விரிகுடாவில், எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. சிற்றூற்றன்று; அந்தக் கண்டத்தின் மிகப் பெரிய எண்ணெய் வயல்! மாநிலம் தெரிந்தெடுத்து வைத்திருந்த நிலத்திலேயே அது கிடைத்தது. 1969 செப்டம்பர் 10 அன்று ஆங்கரேஜ் நகரில் எண்ணெய் நிலங்களைக் குத்தகைக்கு விடும் ஏலம் நடந்தது. ஒரே நாளில் 90 கோடி டாலர்! மாநில அரசின் ஆண்டுச் செலவைப்போல் பன்மடங்கு. காலையில் ஏழையாக எழுந்த மாநிலம் மாலையில் செல்வனாகப் படுத்தது.

எண்ணெய் இருந்தது வடக்கே. உறையாத துறைமுகம் இருந்தது தெற்கே. இடையில் 800 மைல். குழாய் பதிக்க வேண்டுமானால் நிலம் யாருடையது என்ற வழக்கு முதலில் தீர வேண்டும். நூறாண்டுகளாகக் காதில் ஏறாத தொல்குடியினரின் குரல், எண்ணெய் வந்ததும் வாஷிங்டனின் காதில் ஏறியது! 1971இல் ஒரு சட்டம் பிறந்தது, 4.4 கோடி ஏக்கரும் 96 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையும் தொல்குடியினருக்கு என்று முடிவாயிற்று. நீதி பிறந்ததற்குக் காரணம் நெஞ்சில் ஊறிய ஈரமா, நிலத்தில் ஊறிய எண்ணெயா என்பதை அறிவுடையோர் ஆய்ந்துகொள்க. 1977இல் 800 கோடி டாலர் செலவில் குழாய் முடிந்தது. வால்டீஸ் துறைமுகத்துக்கு எண்ணெய் ஓடி வந்தது. அதன் பின்னே பணமும் ஓடி வந்தது.

* * *

அந்தப் பணத்தால் நன்மையே விளையவில்லை என்று நாம் கூறமாட்டோம். பகுத்தறிவு என்பது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதன்று.

அந்த மாநிலத்தின் அரசியல் சட்டம், இயற்கை வளமெல்லாம் மக்களுக்கு இயன்ற அளவு மிகுந்த நன்மை தரும் வகையில் பயன்பட வேண்டும் என்று விதித்திருக்கிறது. பொன்னான விதி. எண்ணெய்க்கு முன்பு, சிற்றூரில் பிறந்த தொல்குடிச் சிறுவன் உயர்நிலைப் பள்ளியில் படிக்க விரும்பினால் தாய் தந்தையரைப் பிரிந்து நூற்றுக்கணக்கான மைல் செல்ல வேண்டும். சிலர் ஒரிகான், ஒக்லகோமா என்று வேற்று மாநில விடுதிப் பள்ளிகளுக்கே அனுப்பப்பட்டனர். மாலி ஹூட்ச் என்ற மாணவியின் பெயரால் அறியப்படும் வழக்கு 1976இல் உடன்பாட்டில் முடிந்தது. 126 சிற்றூர்களில் உயர்நிலைப் பள்ளி என்று அரசு ஒப்புக்கொண்டது. எண்ணெய்ப் பணம் அந்த வாக்கைச் செங்கல்லாகவும் மரமாகவும் மாற்றியது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் அந்தச் செய்தியைப் படித்தபோது உள்ளம் குளிர்ந்தோம்.

1969இல் ஏலத்தில் வந்த 90 கோடியும், குழாயில் எண்ணெய் ஓடத் தொடங்குமுன்பே கரைந்து போயிற்று. கரைந்ததைக் கண்ட மக்கள் விழித்துக்கொண்டனர். 1976இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, கனிவள உரிமைத்தொகையில் கால் பங்கையேனும் தொடாமல் சேர்த்துவைக்கும் நிலைநிதியம் ஒன்றை நிறுவினர். மூவரில் இருவர் ஆதரித்து வாக்களித்தனர். இன்று அந்த நிதியத்தில் ஏறத்தாழ 8,000 கோடி டாலர் இருக்கிறது. அதன் ஈட்டத்திலிருந்து குடிமக்கள் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஆண்டுதோறும் ஈவுத்தொகை. 1982இல் முதன்முதல் வழங்கியபோது 1,000 டாலர். நெடுநாள் வாழ்ந்தவனுக்கு மிகுதி, புதிதாக வந்தவனுக்குக் குறைவு என்று முதலில் வகுத்த திட்டத்தை உச்சநீதிமன்றம் அந்த ஆண்டிலேயே தள்ளுபடி செய்தது. எல்லார்க்கும் சமம் என்றாயிற்று. மண்ணடி வளம் மன்னனுக்கும் மகேசனுக்கும் அன்று, மக்களுக்கே என்ற கொள்கையை நாம் பழிப்போமா? பாராட்டுகிறோம். வேட்டையையும் மீனையும் நம்பி வாழும் சிற்றூர்க் குடும்பத்துக்கு அந்தத் தொகை குளிர்கால எரிபொருள், குழந்தையின் காலணி, படகின் பொறி.

பின் எங்கே பிழை? இங்கேதான்.

* * *

1949 முதல், மாநிலமாகும் முன்பிருந்தே, அலாஸ்காவில் வருமான வரி இருந்தது. 1980இல் அதை ஒழித்தனர். 'எண்ணெய் தருகிறது, மக்கள் ஏன் தரவேண்டும்?' என்றனர். அன்றைய ஆளுநர் ஜே ஹேமண்ட் (அங்கே ஆளுநர் மக்கள் வாக்கால் வருபவர், மேலிருந்து அனுப்பப்படுபவர் அல்லர்) அடியோடு ஒழிக்க வேண்டாம், நிறுத்தி வைப்போம் என்று கருதியவர். ஆயினும் ஆரவாரம் அறிவை வென்றது, கையெழுத்திட்டார். பின்னாளில் அதற்காக வருந்தினார். மாநில அளவில் விற்பனை வரியும் அங்கே இல்லை. ஆக, வருமான வரியும் இல்லை, விற்பனை வரியும் இல்லை. ஆண்டுக்கொரு முறை அரசே பணம் அனுப்பும். நம் மாணவன் கேட்ட நாடு பிறந்துவிட்டது!

வரி என்பது என்ன, தோழர்களே? கருவூலத்தை நிரப்பும் காசு மட்டுமா? ஆட்சியின் மூக்கில் குடிமகன் பூட்டிய கயிறு அது. 'என் பணத்தை என்ன செய்தாய்?' என்று கேட்கும் உரிமை, பணம் கொடுத்தவனுக்கு வருகிறது. கொடுக்காதவன் கேட்பான், ஆனால் கேட்கும் கேள்வி மாறிவிடும். 'பள்ளிக்கு என்ன செய்தாய்? பாலத்துக்கு என்ன செய்தாய்?' என்று கேட்க வேண்டியவன், 'என் பங்கு எவ்வளவு? எப்போது வரும்?' என்று கேட்கத் தொடங்குகிறான். குடிமகன் பங்குதாரனாகிறான். ஆட்சி கம்பெனியாகிறது. தேர்தல் பங்காதாயம் அறிவிக்கும் கூட்டமாகிறது!

இன்னொன்றும் நிகழ்கிறது. அரசு யார் பணத்தில் நடக்கிறதோ அவர் முகத்தைப் பார்த்து நடக்கிறது. பல ஆண்டுகள் அந்த மாநில அரசின் பொதுவருவாயில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் எண்ணெயிலிருந்தே வந்தது. அப்படியாயின் அரசின் கண் யார் முகத்தில் இருக்கும்? பனிக்காட்டில் மீன் பிடிப்பவன் முகத்திலா? எண்ணெய் நிறுவன அதிபர் முகத்திலா?

சான்று வேண்டுமா? 2006. எண்ணெய்க்கு எவ்வளவு வரி என்பதைத் தலைநகர் ஜூனோவில் சட்டமன்றம் விவாதித்துக்கொண்டிருந்தது. அதே ஊரின் விடுதி அறை ஒன்றில், வீகோ என்ற எண்ணெய்த்துறைப் பணி நிறுவனத்தின் தலைவர் தங்கியிருந்தார். உறுப்பினர்கள் அவ்வறைக்கு வந்து போயினர். ஒன்றிய அரசின் புலனாய்வுத் துறை வைத்த மறைகாட்சிக் கருவி அங்கே நடந்ததையெல்லாம் பதிவு செய்துகொண்டிருந்தது. 2007இல் அந்தத் தலைவர், சட்டமன்றத்தாருக்குக் கையூட்டுக் கொடுத்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உறுப்பினர் சிலர் 'ஊழல் பேர்வழிகள் சங்கம்' என்று பொருள்படும் பெயரைத் தமக்கே வேடிக்கையாகச் சூட்டிக்கொண்டு, தொப்பியிலும் பொறித்துக்கொண்டனராம். நாணம் போய்விட்டால் நகைப்பு மிஞ்சும் போலும்!

நாடு நாணியது. 2007இல் எண்ணெய் வரி உயர்ந்தது. எத்தனை நாளைக்கு? 2013இல் அதைக் குறைக்கும் சட்டம் வந்தது. செனட் அவையில் 11 பேர் ஆதரவு, 9 பேர் எதிர்ப்பு. ஆதரித்த 11 பேரில் இருவர் எண்ணெய் நிறுவனமொன்றின் ஊழியர்! ஒளித்தும் மறைத்தும் அன்று, எல்லாரும் அறிந்தே. தம் நிலையை அவர்கள் அவையில் சொல்லவும் செய்தனர். வாக்களிக்கத்தான் வேண்டும் என்றது அவை விதி. அந்தச் சட்டத்தை நீக்க 2014இல் பொதுவாக்கெடுப்பு. எண்ணெய் வரியை உயர்த்த 2020இல் மற்றொரு வாக்கெடுப்பு. இரண்டிலும் எண்ணெய் நிறுவனங்கள் கோடிக்கணக்கில் டாலரைக் கொட்டின. இரண்டிலும் அவையே வென்றன. மக்களே வாக்களித்தனர், உண்மை. ஆனால் வேலையும் எண்ணெயால், பள்ளியும் எண்ணெயால், ஈவும் எண்ணெயால் என்று ஆனபின், எண்ணெய் முதலாளியின் இருமல் ஊருக்கெல்லாம் காய்ச்சலாகத் தோன்றாதா?

1980இன் பிழை 2020இல் போட்ட குட்டியைப் பாருங்கள். அந்த ஆண்டு பிபி நிறுவனம் தன் அலாஸ்கா உடைமைகளை ஹில்கார்ப் என்ற தனியார் நிறுவனத்துக்கு விற்றது. அது பங்குச்சந்தை நிறுவனமன்று. அதன் ஆதாயம் உரிமையாளரின் சொந்த வருமானமாகக் கணக்கிடப்படும் வகையைச் சேர்ந்தது. ஆகவே நிறுவன வருமான வரி அதன்மேல் விழாது. உரிமையாளரின் வருமானத்தின்மேல் விழும் என்பீர்கள். விழ வேண்டியதுதான், ஆனால் வருமான வரியைத்தான் 1980இலேயே ஒழித்துவிட்டார்களே! ஏழைக்கு அருளிய சலுகை என்று சொல்லி அடைத்த வாயிலில், பெருமுதலாளி இரு கையும் வீசி நடந்து போகிறார்.

* * *

எண்ணெய் ஆட்சிக்கு இன்னொரு தலைவலி, விலை. அந்த விலையை அலாஸ்காவின் சட்டமன்றம் வகுப்பதில்லை. அரபு நாட்டரசரின் அவையும், நியூயார்க் தரகரின் மேசையும், எங்கோ மூளும் போரும் வகுக்கின்றன. 1986இல் பீப்பாய் விலை 10 டாலர் அளவுக்குச் சரிந்தது. அலாஸ்காவில் வங்கிகள் வீழ்ந்தன. வீட்டுக் கடன் கட்ட முடியாதவர் சாவியை வைத்துவிட்டு ஊரைவிட்டே போயினர்.

அப்போது மக்கள் என்ன செய்தனர் தெரியுமா? வட அமெரிக்காவின் எண்ணெய் நிலங்களிலெல்லாம் ஊர்திகளின் பின்புறம் ஒரு வேண்டுதல் ஒட்டப்பட்டதாம். 'கடவுளே, இன்னொரு முறை எண்ணெய் யோகத்தைக் கொடு; இம்முறை வீணாக்க மாட்டோம்' என்பது அதன் கருத்து. வேடிக்கைக்காக எழுதியதுதான். ஆனால் வேடிக்கையின் உள்ளே அரசியல் ஒளிந்திருக்கிறது. மழைக்கு யாகம் செய்பவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். விலை ஏறும் என்று காத்திருந்து வரவுசெலவுத் திட்டம் வகுக்கும் அமைச்சன் அவனுக்கு என்ன சளைத்தவன்? அவன் ஏரி வெட்டாமல் வானத்தைப் பார்க்கிறான். இவன் வரி வகுக்காமல் சந்தையைப் பார்க்கிறான். இருவருக்கும் நம்பிக்கைதான் நிதியமைச்சர்!

2014இன் நடுவில் 100 டாலருக்கு மேல் விற்ற பீப்பாய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போயிற்று. 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் ஒரு நாள் விலை சுழியத்துக்கும் கீழே இறங்கிய விந்தையும் நடந்தது. குழாயில் ஓடும் எண்ணெயோ 1988இல் நாளொன்றுக்கு 20 இலட்சம் பீப்பாய். இன்று 5 இலட்சத்துக்கும் குறைவு. நல்ல நாளில் சேர்த்த சேமிப்பில் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் சில ஆண்டுகளில் கரைந்தது. 2016இல் ஆளுநர் பில் வாக்கர், ஈவுத்தொகையை ஏறத்தாழப் பாதியாக வெட்டி 1,022 டாலராக்கினார். வெட்டியது செல்லும் என்றது அம்மாநில உச்சநீதிமன்றம். 2017இல் மக்கள் பிரதிநிதிகள் அவை வருமான வரியை மீட்கும் மசோதாவை நிறைவேற்றியது. செனட் அதைத் தோற்கடித்தது. 2018இல், நிலைநிதியத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஐந்தளவு ஆண்டுதோறும் எடுத்து அரசை நடத்தலாம் என்று சட்டம் செய்தனர். அது முதல், பெரும்பாலான ஆண்டுகளில் அரசின் பொதுச் செலவுக்கு எண்ணெயிலிருந்து நேரே வருவதைவிட நிதியத்திலிருந்து வருவதே பெரிது.

இங்கேதான் வஞ்சகமான வழக்கொன்று பிறந்தது: ஒரே உண்டியலில் இரண்டு கைகள். ஒன்று ஈவு கேட்கும் கை. மற்றொன்று பள்ளி கேட்கும் கை!

* * *

2018இல் வென்று ஆளுநரானவர் மைக் டன்லீவி. குறைத்த ஈவுத்தொகையை முழுமையாகத் தருவேன் என்று வாக்களித்தவர், முன்னாளில் ஆசிரியர்! புதிய வரி இல்லை என்றார். முழு ஈவு என்றார். இரண்டையும் ஒருசேரத் தர வேண்டுமானால் எதையாவது அறுக்க வேண்டுமே. 2019இல் மறுப்பாணை என்னும் கத்தி, அலாஸ்கா பல்கலைக்கழகத்துக்கான மாநில உதவியில் 13 கோடி டாலரை ஒரே வீச்சில் அறுத்தது. மாநிலம் கொடுத்துவந்ததில் பத்தில் நான்கு பங்கு! மாணவர் தெருவுக்கு வந்தனர். மக்கள் ஆளுநரைத் திரும்ப அழைக்கக் கையொப்பம் திரட்டினர். பின்னர் மூன்றாண்டில் 7 கோடி என்று வெட்டு சுருங்கியது.

2024இல் பள்ளிகளுக்கு நிதி கூட்டும் மசோதா. ஆளுநர் மறுத்தார். மறுப்பை முறிக்க 40 வாக்கு வேண்டும், கிடைத்தது 39. ஒரே ஒரு வாக்கு! 2025இல் மாணவன் ஒருவனுக்கு 700 டாலர் கூட்டும் சட்டம். மீண்டும் மறுப்பு, இம்முறை 46 பேர் எழுந்து நின்று முறித்தனர். விட்டாரா? செலவுக் கணக்கில் பேனாவை ஓட்டித் தலைக்கு 200 டாலரைக் கிள்ளினார். ஆகஸ்டில் சட்டமன்றம் கூடி, வேண்டிய 45 வாக்கையும் சரியாகப் பெற்று, அதையும் மீட்டது. அதற்குள் ஜூனோவிலும் ஃபேர்பேங்க்ஸிலும் பள்ளிகள் மூடப்பட்டுவிட்டன. 2006 நடுவிலிருந்து வேலைக்குச் சேரும் ஆசிரியருக்கு உறுதியான ஓய்வூதியம் இல்லை. ஆசிரியர் வருவதில்லை, வந்தவர் நிற்பதில்லை. பிலிப்பீன் நாட்டிலிருந்து ஆசிரியரை வரவழைத்து வகுப்பறைகளை நிரப்புகிறார்கள். வருபவரைக் குறை சொல்லோம். பிள்ளைகளை விட்டுவிட்டுப் பனிநாட்டுக்கு வந்து பாடம் சொல்லும் அவரை வணங்குகிறோம். 8,000 கோடி டாலர் வைத்திருக்கும் ஒரு மாநிலம், சொந்தப் பிள்ளைகளுக்கு ஆசிரியரை ஈர்க்க முடியாமல் நிற்கிறதே, அதைத்தான் எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். அம்மாநிலத்தில் இன்றும் குழாய் நீரும் கழிவு நீக்கும் வசதியும் எட்டாத தொல்குடிச் சிற்றூர்கள் உண்டு. எண்ணெய்க்குக் குழாய், 800 மைல்! குடிநீருக்கோ, வாளி!

2025இல் ஈவுத்தொகை எவ்வளவு? 1,000 டாலர். 1982இல் எவ்வளவு? அதே 1,000 டாலர்! நாற்பத்து மூன்றாண்டு விலைவாசி ஏற்றத்தை இடையில் வைத்துப் பாருங்கள். பள்ளிக்கும் நிறைவாகக் கொடுக்கவில்லை. மக்களுக்கும் நிறைவாகக் கொடுக்கவில்லை. வரியில்லா நாட்டின் வரவுசெலவு இது!

* * *

வரியே இல்லை என்றோமே, அது உண்மையா? உற்றுப் பாருங்கள். ஈவுத்தொகையில் தலைக்கு 1,000 டாலர் வெட்டினால், ஐந்து பேர் கொண்ட மீனவக் குடும்பம் 5,000 டாலரை இழக்கிறது. ஐந்து பேர் கொண்ட கோடீசுவரர் குடும்பமும் அதே 5,000ஐ இழக்கிறது. முன்னவருக்கு அது குளிர்கால வாழ்வு. பின்னவருக்கு ஒரு மாலை விருந்து. மற்றெந்த வழியையும்விட ஈவு வெட்டே ஏழைகளை மிகுதியாகத் தாக்கும் என்று அலாஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்களே 2016இல் கணக்கிட்டுக் காட்டினர். மன்னராட்சியில் தலைவரி என்று ஒன்று இருந்ததாகப் படிக்கிறோமே, அதுதான் வேறு பெயரில் வந்திருக்கிறது. வரியில்லை என்பது பொய். பணக்காரனுக்கு வரியில்லை என்பதே மெய். அம்மாநிலத்தில் உழைப்போரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் வெளிமாநிலத்தார்; எண்ணெய் வயலில் ஊதியம் பெற்று விமானம் ஏறிவிடுவோரும் அவருள் உண்டு. வருமான வரி இருந்தால் அவரும் ஒரு பங்கு தருவார். ஈவு வெட்டோ உள்ளூர் ஏழையை மட்டுமே தொடும்!

'புதிய வயல் வருகிறது, கவலை ஏன்?' என்பர் சிலர். வில்லோ திட்டத்துக்கு 2023இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. நிலமோ மாநிலத்துக்குரியதன்று, ஒன்றியத்துக்குரியது; உரிமைத்தொகை முழுவதும் மாநிலப் பொதுக் கருவூலத்தில் வந்து விழாது. முதலீட்டுச் செலவை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் சலுகை வேறு. யாகம் மாறுகிறது, மந்திரம் அதேதான்! இந்த எண்ணெயும் அதுபோன்ற எரிபொருளும் எரிந்த புகையால் உலகம் சூடேறுகிறது, உறைமண் உருகுகிறது, நியூடாக் என்ற தொல்குடிச் சிற்றூர் தன் மண்ணை ஆறு தின்றுவிட, மெர்டார்விக் என்ற புதிய இடத்துக்கு வீடு வீடாகக் குடிபெயர நேர்ந்தது. ஊரை விழுங்கும் வாணிகத்தின் வருவாயில் ஊருக்குப் பள்ளி கட்டுவது என்ன கணக்கு?

'எண்ணெய் வந்தால் எந்த நாட்டுக்கும் இதுதான் கதி' என்று தலையில் கைவைப்பர் வேறு சிலர். தலையெழுத்து வாதம்! நார்வே நாட்டைப் பாருங்கள். எண்ணெய் ஆதாயத்தில் நூற்றுக்கு 78 வரியாக எடுக்கிறது. 1990இல் சட்டம் செய்து, 1996 முதல் நிதியம் சேர்க்கிறது. அதனால் மக்கள் வரியை ஒழித்ததா? இல்லை. குடிமக்கள் வருமான வரியும் தருகின்றனர், விற்பனைமீது நூற்றுக்கு 25 வரியும் தருகின்றனர். தருவதால் கேட்கின்றனர், கேட்பதால் பெறுகின்றனர். அங்கே எண்ணெய் ஊழியம் செய்கிறது. அலாஸ்காவில் எண்ணெய் ஆட்சி செய்கிறது. இரண்டும் ஒரே எண்ணெய்தான். வேறுபாடு விதியில் இல்லை, மதியில் இருக்கிறது.

'மக்கள் வரியை ஏற்கமாட்டார்கள்' என்பதே கடைசிக் கோட்டை. 1949இல் ஏற்றார்களே! எண்ணெய் கிடைக்காத ஏழைக் காலத்தில் ஏற்ற மக்கள், இன்று ஏற்கமாட்டார்கள் என்று முடிவு கட்டியது யார்? நாற்பதாண்டுகளாக 'உனக்குச் செலவில்லை' என்று தாலாட்டியவர்களே!

* * *

எனவே நாம் சொல்வது இதுதான். நிலைநிதியம் இருக்கட்டும், அது வரும் தலைமுறையின் சொத்து. ஈவுத்தொகையும் இருக்கட்டும்; அது ஏழையின் உரிமை. ஒழிய வேண்டியது 1980இல் கட்டிய மாயை. ஆற்றலுக்கேற்ற வருமான வரி மீள வேண்டும். ஹில்கார்ப் நடந்து போன வாயில் அடைபட வேண்டும். எண்ணெய்க்குரிய வரியை வகுக்கும் அவையில் எண்ணெய் நிறுவனத்தின் ஊழியர் வாக்களிக்கும் முறை ஒழிய வேண்டும். அப்போதுதான் ஈவா பள்ளியா என்ற பொய்ப்போர் ஓயும். குடிமகன் மறுபடியும் குடிமகனாவான்.

இதை அலாஸ்காவின் மக்கள்தான் செய்ய வேண்டும். செய்யும் உரிமை அவர்களுடையது. நமக்கு அதில் பாடம் இருக்கிறது. ஓர் அரசு எந்தப் பொருளின் வருவாயில் உயிர் வாழ்கிறதோ, அந்தப் பொருளுக்கு அடிமையாகும். அது எண்ணெயாக இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம். கொடுக்கிறேன் என்று எவர் வந்தாலும், எங்கிருந்து கொடுக்கிறாய், யாரிடம் வாங்கிக் கொடுக்கிறாய், நாளைக்கு எதை வெட்டிக் கொடுப்பாய் என்று கேட்கும் துணிவே இளைஞர் பெற வேண்டிய முதற் கல்வி.

மறுநாள் வகுப்புக்குப் போனோம். அழிக்காமல் விட்டிருந்த கரும்பலகையில் நில வரி, விற்பனை வரி, வருமான வரி என்ற மூன்று சொற்களும் அப்படியே இருந்தன. அலாஸ்காவின் கதையைச் சொல்லி முடித்தோம். முதல் நாள் கேள்வி கேட்ட அந்த மாணவன் சற்றுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு எழுந்து கேட்டான்: "ஐயா, அந்த ஊரில் மூடின பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இப்போது எங்கே படிக்கிறார்கள்?"

நாம் எதிர்பார்த்த கேள்வி அதுதான். அதை அவன் கேட்டுவிட்டான். ஆளவந்தார் கேட்கும் நாளும் வரட்டும்!